காது குடைந்தால் இருமல், ஊசியைக் கண்டால் மயக்கம்: எல்லாம் ஒரே நரம்பின் வேலையா?

வாசகர் கடிதம்: எனக்கு வயது 31. கரூரில் ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றபடிதான். சின்ன வயதிலிருந்தே பட்ஸ் போட்டுக் காது குடைந்தால் இருமல் வரும். காலையில் நாக்கு வழித்தால் ஓங்கரிப்பு. இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மூன்று மாதம் முன்பு லேபில் ரத்தம் எடுக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே மயங்கிவிட்டேன். கை வெட்டி வெட்டி இழுத்ததாம். கூட வந்த மாமா சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய், இரண்டு பீர் குடித்துவிட்டு வந்து படுத்தேன். ராத்திரி 2 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவன் பாத்ரூமில் விழுந்து, புருவத்தில் நான்கு தையல். வீட்டில் வலிப்பு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வீடியோவில், ‘வேகஸ் நரம்பு பலவீனமானால் இப்படி ஆகும், ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கினால் சரியாகும்’ என்கிறார்கள். செய்யலாமா? இது வலிப்பா, இதயமா, நரம்பா? கம்பெனியில் ரத்ததான முகாம் வருகிறது. பெயர் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்:

முதலில் அந்த ஐஸ் வாளியை ஒதுக்கிவையுங்கள். உங்கள் வேகஸ் நரம்பு பலவீனமாக இல்லை. சில நேரங்களில் தேவைக்கு மேல் வேலை செய்கிறது, அவ்வளவுதான். பிரேக் அழுத்திப் பிடிக்கிற வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பிரேக் போடச் சொல்கிறது அந்த வீடியோ.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை நரம்புகளில் வேகஸ் பத்தாவது. பின்மூளையில் முகுளம் என்ற பகுதியில் புறப்பட்டு, மண்டையோட்டின் அடித்துளை வழியாக வெளியே வந்து, கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்களோடு ஒரே உறைக்குள் இறங்குகிறது. பிறகு குரல்வளை, நுரையீரல், இதயம், இரைப்பை, குடல் என்று போகிற வழியெல்லாம் கிளைவிட்டு, பெருங்குடலின் நடுப்பகுதி வரை எட்டுகிறது. ‘வேகஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே அலைந்து திரிவது என்றுதான் பொருள். இதில் உள்ள இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மீதிதான் மூளையின் உத்தரவைக் கீழே கொண்டுவருகின்றன. அதனால் இதை ‘தூண்டிவிடும் சுவிட்ச்’ என்று நினைப்பதைவிட, பல வாசல்கள் வழியே தகவல் வந்து சேரும் ஒரு பாதை என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலில் தட்டினாலும் முகுளம் பதில் சொல்லும். சில நேரம் தவறான பதிலாகவும் இருக்கும்.

உங்கள் காது இருமல் அப்படி ஒரு தவறான பதில்தான். வேகஸின் ஒரு சிறு கிளை காதுக் குழாயின் பின்சுவருக்கும் அடிச்சுவருக்கும் வருகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃபிரெடரிக் ஆர்னால்டின் பெயரால் அதை ஆர்னால்டு நரம்பு என்பார்கள். தொண்டையிலும் மூச்சுக் குழாயிலும் ஏதாவது உறுத்தினால் இருமச் சொல்லும் செய்தியும் இதே வேகஸ் வழியாகத்தான் போகிறது. பட்ஸ் அந்தச் சுவரைத் தொடும்போது, செய்தி எங்கிருந்து வந்தது என்று முகுளம் பிரித்துப் பார்க்காமல் இரும வைத்துவிடுகிறது. 100 பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இப்படி உண்டு. இது நோயில்லை. ஆனால் பட்ஸை விட்டுவிடுங்கள். அது குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். உள்ளே போய் இறுகிய குறும்பி அந்தச் சுவரில் அழுத்திக்கொண்டே இருந்தால், காரணம் தெரியாத வறட்டு இருமலாக மாதக்கணக்கில் நீடிக்கும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தும் இருமல் மருந்து மாற்றியும் பயன் இருக்காது, குறும்பியை எடுத்தால் நின்றுவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காதைக் கழுவப் போகும்போது, உங்களுக்கு மயக்கம் வரும் பழக்கம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, சாய்ந்த நிலையில் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் உடல் சூட்டில், அதாவது 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் என்றால் தலை சுற்றும். அந்தச் சுற்றலுக்கு வேகஸ் காரணமில்லை, உள்காதின் சமநிலை உறுப்பு காரணம்.

நாக்கு வழிக்கும்போது வரும் ஓங்கரிப்பில் வேகஸுக்குப் பாதிப் பங்குதான். நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டதும் செய்தியை மேலே கொண்டுபோவது ஒன்பதாவது நரம்பு. தொண்டைத் தசைகளைச் சுருக்கும் உத்தரவோடு இறங்குவது வேகஸ். வழிப்பானை நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்துங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி வழித்தால் ஓங்கரிப்பு குறையும். அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மயக்கத்துக்கு வருவோம். இதயத்துக்குள்ளேயே துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். இதய மாற்று சிகிச்சையில் வேகஸ் இணைப்பு அறுபட்டுவிடுவதால், மாற்று இதயம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கிறது. நமக்கு 70 அளவில் இருக்கிறதென்றால், வேகஸ் சதா லேசாக பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த பிரேக் ஒரு வேதிப்பொருள் வழியாக வேலை செய்கிறது என்பதை 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்கு விட்டார். அதுவும் வேகம் குறைந்தது. அந்தப் பொருள்தான் அசிடைல்கோலின். 1936-இல் ஹென்றி டேலுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தச் சோதனை யோசனை கனவில் வந்தது என்பது அவரே சொன்ன கதை.

உங்கள் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 5 விநாடி மூச்சை இழுங்கள், 5 விநாடி விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் போகும். அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி வேகஸின் கைவேலை. வேகஸ் உண்மையிலேயே பழுதாகும் நோய்கள் உண்டு. பல வருடக் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் அவற்றில் முக்கியமானது. அவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். ஓய்விலும் நாடி வேகமாகவே நிற்கும். இரைப்பை காலியாகாமல், காலையில் தின்ற இட்லி மதியமும் வயிற்றில் கிடப்பதுபோல் இருக்கும். ‘பலவீனமான வேகஸ்’ என்றால் அதுதான். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஊசி குத்தும்போது நடப்பது இது. பயத்தில் முதலில் நாடியும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. பிறகு திடீரென்று தலைகீழாகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகள் பிடியை விடுகின்றன, அதே நேரத்தில் வேகஸ் இதயத்தை மெதுவாக்குகிறது. குழாய் விரிகிறது, பம்பும் தளர்கிறது. ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. மூளைக்கு ரத்தம் போவது 6 முதல் 8 விநாடி நின்றாலே போதும், நினைவு போய்விடும். 1932-இல் தாமஸ் லூயிஸ் இதற்கு வேசோவேகல் மயக்கம் என்று பெயர் வைத்தார். ரத்தக் குழாய், வேகஸ் இரண்டும் அந்தப் பெயரில் இருப்பது காரணத்தோடுதான். உங்களிடம் எடுத்தது 5 மில்லி, மிஞ்சினால் 10 மில்லி ரத்தம். அந்த இழப்பால் யாரும் மயங்குவதில்லை.

கை இழுத்ததே, அது வலிப்பில்லையா என்று உங்கள் வீட்டார் கேட்பது நியாயம். மூளைக்கு ரத்தம் குறையும்போது கை கால் சில முறை வெட்டி இழுப்பது மயக்கத்திலும் சகஜம். மயங்கியவரைப் படுக்கவிடாமல் நாற்காலியிலேயே தாங்கிப் பிடித்தால் அது கூடுதலாகவே வரும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று தோன்றுகிறது. வித்தியாசம் பார்க்கச் சில தடயங்கள் உண்டு. மயக்கத்துக்கு முன் கொட்டாவி, குமட்டல், வியர்வை, காது அடைப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது என்று அறிகுறிகள் இருக்கும். முகம் வெளிறிப் போகும். வெட்டு இழுப்பு சில விநாடிகளே நீடிக்கும், 15 விநாடியைத் தாண்டுவது அரிது. படுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் விழித்து, எங்கே இருக்கிறோம், பக்கத்தில் யார் என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். உடல் அசதி மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். வலிப்பில் உடல் விறைத்து, ஒன்றிரண்டு நிமிடம் தாளகதியில் வெட்டும். முகம் நீலம் பாரிக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடி இருக்கும், விழித்த பிறகும் அரை மணி நேரம் வரை குழப்பத்தில் இருப்பார்கள். சிறுநீர் போவது இரண்டிலும் நடக்கும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அடுத்த முறை பக்கத்தில் யாராவது இருந்தால், முதலுதவி செய்துகொண்டே இன்னொருவரைக் கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூறு கேள்வி கேட்டுக் கிடைக்காத பதில் அந்த 20 விநாடியில் கிடைக்கும். அது தெரியாமல் வலிப்பு மாத்திரை தொடங்கினால், வருடக்கணக்கில் மாத்திரை, வண்டி ஓட்டத் தடை, கல்யாணப் பேச்சில் சிக்கல் என்று தேவையில்லாத சுமைதான்.

சாவிக்கொத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை. மயக்கம் விநாடிகளிலும், பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடங்களிலும் தானாகவே நிற்கின்றன. நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருப்பதால் பெயர் அதற்குப் போகிறது.

பாத்ரூமில் விழுந்ததற்குக் காரணங்கள் ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்திருக்கின்றன. படுக்கைச் சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன. பீர் அவற்றை இன்னும் விரித்து, சிறுநீரையும் அதிகமாக்கி, உடலில் நீரைக் குறைத்திருக்கிறது. சட்டென்று எழுந்து நின்றதில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கீழே இறங்கியிருக்கும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்வரை அது ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்திப் பிடித்திருக்கும். நின்றபடி காலி செய்ததும் அந்தத் தாங்கலும் போய்விட, வேகஸ் தன் பங்குக்கு நாடியைக் குறைக்க, ஆள் விழுகிறார். முக்கினால் இன்னும் மோசம். மூச்சைப் பிடித்து முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது.

ஆகவே இரவில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடமாவது உட்காருங்கள். பாதத்தை மேலும் கீழும் 20 முறை அசையுங்கள், கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். ஆண்பிள்ளைக்கு இது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தால் அந்த நான்கு தையலைத் தடவிப் பாருங்கள். இந்தியக் கழிவறையாக இருந்தால், குந்தி எழும்போதுதான் ஆபத்து. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தி, அதைப் பிடித்து மெதுவாக எழுங்கள். உள்தாழ்ப்பாள் போடாதீர்கள், விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும். வீட்டில் பெரியவர்கள் யாராவது புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால் அவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த மாத்திரை ரத்தக் குழாய்களையும் தளர்த்தும்.

மயக்கம் வருகிறது என்று தெரிந்த நொடியில் என்ன செய்வது என்பதைத்தான் நீங்கள் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். முடிந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்துங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்க் காற்று வாங்கலாம் என்று நடப்பதுதான் பலரும் செய்கிற தவறு. பாதி வழியில் விழுவார்கள். வேலையிடத்தில் படுக்க முடியாது என்றால், கால்களை எக்ஸ் போலக் குறுக்காக வைத்து, தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்குங்கள். இரு கை விரல்களையும் கொக்கிபோல் மாட்டி எதிரெதிராக இழுங்கள். அறிகுறி தணியும்வரை விடாதீர்கள். அந்த நேரம் மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். மூச்சைப் பிடித்தால் மேலே சொன்ன முக்கல் கதைதான், நோக்கமே கெட்டுவிடும். இதற்கும் அடங்காவிட்டால் குந்தி உட்காருங்கள், குனிந்து செருப்பு வார் போடுவதுபோல் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வண்டியில் இருந்தால் ஓரங்கட்டி, இறங்கித் தரையில் உட்காருங்கள். நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால், சில நிமிடத்துக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் நீர் உள்ளே போக வேண்டும், அதில் உப்புப் போட்ட நீர்மோரும் சேரட்டும். ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் உப்பைக் கூட்டாதீர்கள்.

ஊசி பயத்துக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. மற்றப் பயங்களுக்கு ‘ஆழ்ந்து மூச்சு விடு, உடலைத் தளர்த்து’ என்பார்கள். ஊசி, ரத்தப் பயத்தில் அதே அறிவுரை கவிழ்த்துவிடும், ஏனென்றால் இங்கே சிக்கலே ரத்த அழுத்தம் இறங்குவதுதான். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980-களில் இதற்கு எதிர்வழியை வகுத்தார். கை, கால், உடம்புத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு 20 முதல் 30 விநாடி இறுக்கத்தை விடுங்கள். துவளும் அளவுக்கு வேண்டாம், சாதாரண நிலைக்கு வந்தால் போதும். இதை 5 முறை செய்தால் ஒரு சுற்று. தினமும் சில சுற்று வீதம் இரண்டு வாரம் பழகிவிட்டு லேபுக்குப் போங்கள். அங்கே படுக்கை கேட்டு வாங்கிப் படுத்தபடி ரத்தம் கொடுங்கள். ஊசி ஏறும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும், மற்றக் கையையும் கால்களையும் இறுக்குங்கள். அரை மணிக்குள் 500 மில்லி தண்ணீர் குடித்துவிட்டுப் போவது உதவும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் பொதுவாக வெறும் தண்ணீர் தடையில்லை, லேபில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் 10 நிமிடம் எழக் கூடாது. அவசரமாக எழுந்துதான் பலர் இரண்டாம் முறை விழுகிறார்கள்.

உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்: விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. தரையில் படுக்கவைத்து, காலை ஒரு நாற்காலி உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வாந்தி வந்தாலோ விழிக்கத் தாமதமானாலோ ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். நினைவு திரும்பும்முன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போகும். ஒரு நிமிடத்துக்கு மேல் விழிக்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஐஸ் தண்ணீர் விஷயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சையும் அடக்கினால், ஐந்தாவது நரம்பு செய்தி கொண்டுபோக, வேகஸ் இதயத்தை மெதுவாக்கும். நீரில் மூழ்கும் உயிரினங்களுக்கெல்லாம் உள்ள அனிச்சை இது. இதயம் திடீரென்று 150, 200 என்று ஓடும் ஒருவகைத் துடிப்புக் கோளாற்றில் இந்த பிரேக்கைப் பயன்படுத்துவார்கள். அதைவிட நன்றாக வேலை செய்கிற முறையும் வந்துவிட்டது. 10 மில்லி சிரிஞ்சின் தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதவைத்து, உடனே மல்லாத்திக் காலை 45 டிகிரிக்கு 15 விநாடி உயர்த்துவது. 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு இதனால் சீரானது. காலை உயர்த்தாமல் ஊத மட்டும் வைக்கும் பழைய முறையில் 17 சதவீதம்தான். ஆனால் அது இசிஜி பார்த்துக்கொண்டே மருத்துவமனையில் செய்வது. துடிப்பு குறைந்து மயங்குகிற நீங்கள், குளியலறையில் நின்றபடி முகத்தை முக்கினால் அடுத்த புருவமும் போகும். அதேபோல் கழுத்தை அழுத்திவிடுவது, கண்விழியை அழுத்துவது எதையும் வீட்டில் செய்யாதீர்கள். பெரியவர்களுக்குக் கழுத்து நாளத்தில் படிந்த கொழுப்பு பெயர்ந்து பக்கவாதம் வரலாம். வலிப்பு நோய்க்கு வேகஸ் தூண்டும் கருவியை மார்பில் பொருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1997-இலேயே அனுமதி கிடைத்தது. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கான அந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லித்தான், காதில் மாட்டினால் வேகஸைத் தூண்டும் என்று இன்று காதுப் பொத்தான்கள் விற்கிறார்கள்.

இவ்வளவும் கடிதத்தை வைத்துச் சொன்னது. அடிபட்டுத் தையல் போட்டிருப்பதால் பொது மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு இசிஜி, படுத்த நிலையிலும் நின்று 3 நிமிடம் கழித்தும் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை. இவை போதும். நின்றதும் மேல் அழுத்தம் 20-க்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பார். தலைக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், இந்தவகை மயக்கத்தில் அது பெரும்பாலும் பணச் செலவுதான். ஓடும்போதோ படி ஏறும்போதோ மயங்கினால், படுத்திருக்கும்போதே மயங்கினால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுந்தால், மயக்கத்துக்கு முன் படபடப்போ நெஞ்சு வலியோ இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அது வேறு கதை. அன்றைக்கே இதய மருத்துவரிடம் போக வேண்டும்.

ரத்ததானத்துக்கு இந்த முறை பெயர் கொடுக்க வேண்டாம். அங்கே எடுப்பது 350 அல்லது 450 மில்லி. முதலில் பயிற்சி செய்து, சாதாரண ரத்தப் பரிசோதனையை ஒன்றிரண்டு முறை மயங்காமல் முடித்துக்காட்டுங்கள். அதன்பிறகு வரும் முகாமில் மருத்துவரிடம் இரண்டு மயக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், எடுக்கலாமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.